நோன்பும் நிறைகோலும்

கிரேக்க நாட்டிலே ஒரு நோய்க்குப் 'புனித நோய்' என்று பெயரிட்டிருந்தனர். நின்றவன் விழுவான், விழுந்தவன் துடிப்பான், பற்கள் இறுகும், வாயிலே நுரை தள்ளும், சிறிது நேரம் சென்றதும் ஏதும் நடவாதவன் போல் எழுந்து உட்கார்ந்து, சுற்றி நிற்போரைப் பார்த்து விழிப்பான். கண்டவர் கதிகலங்கினர். காரணம் விளங்கவில்லை. காரணம் விளங்காத இடத்திலே கடவுளைக் கொண்டுவந்து குடியேற்றுவது மனிதனின் பழைய வழக்கமன்றோ! துடிப்பவன் ஆட்டைப் போல் கத்தினால், பிடித்திருப்பது தேவர்களின் தாய். குரல் குதிரையின் கனைப்பை ஒத்திருந்தால், கடல் தெய்வம் பொசைடன். நுரை தள்ளிக் காலை உதைத்தால், போர்த் தெய்வம் ஏரெஸ். கத்தலுக்கு ஒரு கடவுள், கனைப்புக்கு ஒரு கடவுள், உதைக்கு ஒரு கடவுள்! இலாகா பிரித்தே வைத்திருந்தனர் மந்திரவாதிகள்.

இந்தப் பட்டியலை நமக்கு எழுதிவைத்துச் சென்றவர் மந்திரவாதியல்லர். மந்திரவாதியை மடக்கிய மருத்துவர். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டு, ஹிப்பாக்ரடீஸ் பெயரால் வழங்கும் 'புனித நோய் பற்றி' என்னும் சிறு நூல், இந்நோய் பிற நோய்களைவிடப் புனிதமானதன்று, இதன் இருப்பிடம் மூளை என்று அடித்துக் கூறிற்று. நோயாளிக்கு மந்திரவாதிகள் விதித்திருந்த விலக்குகளை நூலாசிரியர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். குளிக்கலாகாது, கறுப்பு உடை ஆகாது, காலின்மேல் கால், கையின்மேல் கை வைத்தலாகாது, வெள்ளாட்டுத் தோலிலே படுத்தலாகாது, வெள்ளாட்டுக் கறி, விலாங்கு, பூண்டு, வெங்காயம் ஒன்றும் ஆகாது. காட்டிவிட்டுக் கேட்கிறார்: ஆட்டுத் தோலும் ஆட்டுக் கறியும்தான் இந்நோயைத் தருமென்றால், ஆட்டை நம்பியே வாழும் லிபியாவின் உள்நாட்டு மக்களிலே ஒருவர்கூட நலமாக இருக்க முடியாதே! அத்துடனும் விட்டாரில்லை. உண்டால் நோய் மிகும், உண்ணாவிட்டால் தணியும் என்பது மெய்யானால், அங்கே வேலை செய்வது உணவு. கடவுளுக்கு அங்கே என்ன வேலை?

ஆட்டுக்கும் இந்நோய் வருகிறது, அதன் தலையைப் பிளந்து மூளையைப் பாருங்கள் என்றும் அவர் அழைத்தார். மூளைக்குச் செல்லும் குழாய்களைச் சளி அடைப்பதால் வலிப்பு வருகிறது என்பது அவர் கண்ட காரணம். அது பிழை. விடையிலே தவறினார், வினாவிலே தவறவில்லை.

'வேலை செய்வது உணவா?' என்ற அந்த வினா இருபத்து மூன்று நூற்றாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. இடையிலே நோன்பு வந்து அமர்ந்துகொண்டது. வலிப்பால் துடித்த சிறுவனைப் பற்றி விவிலியத்தின் மாற்கு நூல் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு கதை உண்டு. இவ்வகைப் பேய் ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமன்றி ஓடாது என்று அதிலே வருகிறது. மிகப் பழைய கைப்படிகளிலே 'ஜெபம்' மட்டுமே இருக்கிறது, 'உபவாசம்' இல்லை. பின்வந்தோர் சேர்த்தனர் போலும்! எப்படியாயினும், வலிப்புக்குப் பட்டினி மருந்து என்ற எண்ணம் மக்களிடையே நெடுங்காலம் நிலவியது.

இங்கேதான் நம் போன்றோருக்கு ஒரு சங்கடம் எழுகிறது. அந்தப் பட்டினியிலே ஓர் உண்மை ஒளிந்திருந்தது!

1911-ஆம் ஆண்டு பாரிசு நகரத்து மருத்துவர்கள் குயெல்பா, மாரி என்ற இருவர், வலிப்புள்ள 20 பேரைப் பட்டினியிட்டுப் பேதிக்கும் கொடுத்துப் பார்த்தனர். பட்டினி நாட்களிலே நோயின் கடுமை குறைந்தது என்று எழுதினர். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இதே முழக்கத்தைப் பெரிய பறையாக அடித்தவர் பெர்னார் மக்ஃபாடன். உடற்கட்டு வித்தகர், 'பிசிக்கல் கல்ச்சர்' என்னும் ஏட்டை நடத்திப் பெரும்பொருள் ஈட்டியவர், பெர்னார்ட் என்று பெற்றோர் இட்ட பெயரை, சிங்கத்தின் கர்ச்சனை போல் ஒலிக்க வேண்டுமென்று பெர்னார் என மாற்றிக்கொண்டவர். எந்த நோயையும் பட்டினியால் விரட்டலாம் என்பது அவர் கட்சி. அவரைப் பின்பற்றியவர் ஹ்யூ காங்க்ளின். மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் ஊரிலே எலும்பு மூட்டு நீவிச் சிகிச்சை செய்துவந்தவர். குடலிலே ஊறும் நஞ்சு இரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்குவதே வலிப்பு என்றார் அவர். குழந்தைகளை 18 முதல் 25 நாட்கள் வரை தண்ணீர் மட்டும் கொடுத்துப் பட்டினியிட்டார்!

பெற்றவர் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! குடல் நஞ்சு என்ற கொள்கைக்கு ஆதாரம் எள்ளளவும் இல்லை. எனினும் குழந்தைகள் பலருக்கு வலிப்பு நின்றது. உணவு தொடங்கியதும் சிலருக்குத் திரும்பி வந்தது, சிலருக்கு வரவில்லை.

பகுத்தறிவு பேசுவோர் அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்போம்? "புரட்டன் சொல்கிறான், பொய்யாகத்தான் இருக்கும்" என்று புறந்தள்ளிவிட்டு நடப்பது எளிது. "பலன் தெரிகிறதே, அவன் சொல்லும் காரணமும் மெய்யே" என்று காலில் விழுவது அதனினும் எளிது. இரண்டுமின்றி மூன்றாவது வழியிலே நடந்தவர் சிலர். இந்த வரலாறு அவர்களுடையது.

நியூயார்க் நகரத்து வழக்கறிஞர் சார்லஸ் ஹௌலண்டுக்கு வலிப்பு நோயுள்ள மகன் ஒருவன். காங்க்ளினின் பட்டினி வைத்தியத்திலே மகன் தேறக் கண்டார் தந்தை. அவருடைய உடன்பிறந்தார் ஜான் ஹௌலண்ட், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ நிலையத்திலே குழந்தை மருத்துவப் பேராசிரியர். 1919-இல் வழக்கறிஞர் 5,000 டாலரை உடன்பிறந்தாரிடம் கொடுத்து, பட்டினி ஏன் பயன் தருகிறது என்று கண்டறியச் சொன்னார். பலன் கண்ட பக்தன் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுப்பான். இவர் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பணம் கொடுத்தார். ஜேம்ஸ் கேம்பிள் என்ற ஆராய்ச்சியாளர், பட்டினி கிடக்கும் குழந்தைகளின் உடலிலிருந்து எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு வெளியேறுகிறது என்று அளந்தார். வலிப்பின் புதிர் அதனால் அவிழ்ந்துவிடவில்லை. ஆனால் உடலின் நீரும் உப்பும் பற்றிய அந்தக் கணக்கு, நீர் வற்றி வாடும் குழந்தைகளுக்கு மருத்துவம் செய்வதற்கு அடிகோலிய ஆராய்ச்சிகளுள் ஒன்றாயிற்று.

1921-ஆம் ஆண்டு திருப்புமுனை. நியூயார்க் மருத்துவர் கெய்லின், பட்டினியால் வலிப்பு அடங்கிய நோயாளிகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர் மாநாட்டிலேயே எடுத்துரைத்தார். பட்டினி கிடப்பவர் இரத்தத்திலே தோன்றும் கீட்டோன் என்னும் பொருள்கள், மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பை மிக ஏற்றிய உணவை உண்பவரிடமும் தோன்றுகின்றன என்று உட்யாட் என்ற மருத்துவர் அதே ஆண்டிலே எழுதினார். இரண்டையும் இணைத்துப் பார்த்தவர், மின்னசோட்டா மாநிலத்து மேயோ மருத்துவ மனையைச் சேர்ந்த ரசல் வைல்டர். பட்டினியை எத்தனை நாள் நீட்டிக்க முடியும்? குழந்தை வளரவேண்டுமே! பட்டினியின் பயன் வேண்டும், பட்டினி வேண்டா. உடல், தான் பட்டினி கிடப்பதாக எண்ண வேண்டும். குழந்தையோ வயிறார உண்ண வேண்டும். அத்தகைய உணவை வகுத்து, கீட்டோனைப் பிறப்பிப்பது என்ற பொருளில் 'கீட்டோஜெனிக்' உணவு என்று அவர் பெயரிட்டார்.

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் சர்க்கரையும் உடலிலே குளுக்கோசாக மாறுகின்றன. மூளை வழக்கமாக அதைக்கொண்டே இயங்குகிறது. குளுக்கோசு கிடைக்காதபோது கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோனாக்கி அனுப்புகிறது. மூளை அதை ஏற்று எரிக்கிறது என்பது 1967-இல் ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது. அடுப்பில் விறகு மாறுகிறது எனலாம். விறகு மாறினால் மூளையின் புயல் ஏன் தணிகிறது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. அறிவியலார் இன்றும் அதிலே ஆய்வு நடத்தியவண்ணம் உள்ளனர்.

வைல்டரின் கருத்தைக் கணக்காக்கியவர் அதே மருத்துவ மனையின் பீட்டர்மன். உடல் எடையிலே ஒரு கிலோவுக்கு 1 கிராம் புரதம். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து. எஞ்சிய தேவை முழுவதற்கும் கொழுப்பு. 1925-இல் அவர் வெளியிட்ட கணக்கிலே 37 நோயாளிகள்; அவர்களுள் 19 பேருக்கு வலிப்பு அறவே நின்றது, 13 பேருக்குக் குறைந்தது. மற்ற ஐவரையும் அவர் மறைக்கவில்லை. பட்டினியை மருத்துவமாக்கியது அந்த எண்ணிக்கைதான் என்போம். மக்ஃபாடன் வென்றவர்களை மட்டும் விளம்பரப்படுத்தினார். பீட்டர்மன் தோற்றவர்களையும் எண்ணினார்.

கரும்பலகையிலே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆசிரியத் தொழில் நம்மை விடுவதாயில்லை. பழைய முறையின் கடுமையான வகையிலே, 4 பங்கு கொழுப்புக்குப் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 பங்கு. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். மற்றவை கிராமுக்கு 4. ஆகவே 4 கிராம் கொழுப்பால் 36 கலோரி, 1 கிராம் பிறவற்றால் 4 கலோரி, மொத்தம் 40. நூற்றுக்குத் தொண்ணூறு கொழுப்பிலிருந்தே வருகிறது! நாளொன்றுக்கு 1,000 கலோரி தேவைப்படும் 15 கிலோ குழந்தைக்கு 100 கிராம் கொழுப்பு, 15 கிராம் புரதம், 10 கிராம் மாவுச்சத்து. ஒரேயோர் இட்லியிலே அந்த நாளைய மாவுச்சத்து ஏறக்குறைய முடிந்துபோகும். இருமல் மருந்திலுள்ள சர்க்கரைக்கும் கணக்கு உண்டு. அடுப்படியிலே நிறைகோல், கிராம் கிராமாக வெண்ணெய், முட்டை, பாலேடு, திருவிழாவா, பிறந்தநாளா, பக்கத்து வீட்டுப் பாட்டி அன்போடு நீட்டும் மிட்டாயா, எதுவும் கூடாது. தாய்க்கு இது இரண்டாவது வேலையன்று; முதல் வேலையே இதுதான்.

அதே அமெரிக்காவிலே அதே ஆண்டுகளில் நடந்த வேறொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. வர்ஜீனியா மாநிலத்திலே வலிப்பு நோயாளிகளுக்கும் 'அறிவு குன்றியோர்' என்று முத்திரையிடப்பட்டோருக்கும் சேர்த்து ஒரு 'குடியிருப்பு' நடத்தினர். மனிதரை அடைத்துவைக்கும் பட்டிக்கு இட்ட மென்மையான பெயர்! அங்கிருந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமே எட்டு நீதிபதிகளின் இசைவோடு, ஒருவர் மட்டும் மறுக்க, தீர்ப்பளித்தது. ஒரு மாநிலத்திலே குழந்தையின் தட்டைக் கிராம் கிராமாக நிறுத்துக்கொண்டிருந்தனர்; மற்றொரு மாநிலத்திலே பிள்ளை பெறும் உரிமையை அறுத்துக்கொண்டிருந்தனர். அறிவியலின் பெயர் இரண்டிடத்திலும் வழங்கிற்று. பெயரைக் கண்டு மயங்குவோர் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

மருந்துகளின் கதைக்கு வருவோம். 1857-இல் புரோமைடு வந்தது. 1912-இல் பினோபார்பிட்டால் வந்தது. முன்னது மந்தப்படுத்தும், பின்னது தூங்கவைக்கும். 1938-இல் மெரிட், புட்னம் என்ற இரு மருத்துவர்கள், பூனைகளுக்கு மின்னதிர்ச்சியால் வலிப்பை உண்டாக்கி, எந்த மருந்து அதைத் தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, தூக்கத்தைத் தராமலே வலிப்பை அடக்கும் பெனிட்டாயினை உலகுக்கு அளித்தனர். மாபெரும் வெற்றி! காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒரு மாத்திரை. பிறகு நிறைகோல் எதற்கு? அது பரணுக்குப் போயிற்று. மாத்திரையால் நலம் பெற்ற கோடிக்கணக்கானோரை எண்ணி மகிழ்வோம். ஆனால் எல்லா மருந்தும் உண்டும் வலிப்பு அடங்காதோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். உணவு முறை அவர்களிடம் தோற்றதால் கைவிடப்படவில்லை. அவர்களிடம் அதைச் சொல்ல ஆளில்லாமற் போயிற்று. 1971-இல் ஹட்டன்லாக்கர் என்ற மருத்துவர், தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கத்தக்க ஒருவகைக் கொழுப்பைக்கொண்டு இம்முறையைச் சற்றுத் தளர்த்தி அமைத்தார். ஜான்ஸ் ஹாப்கின்சிலே ஜான் ஃபிரீமன் என்ற மருத்துவரும், மில்லிசென்ட் கெல்லி என்ற உணவு வல்லுநரும் அணையாமல் காத்துவந்தனர். மற்ற இடங்களிலே பாடப்புத்தகத்தின் ஓர் ஓரத்து வரி, அவ்வளவே.

1993-இல் ஹாலிவுட் திரைப்பட இயக்குநர் ஜிம் ஏபிரகாம்சின் ஒரு வயது மகனுக்கு வலிப்பு கண்டது. சிரிப்புப் படங்கள் எடுத்து ஊரைச் சிரிக்கவைத்தவர் வீட்டிலே அழுகை. மூன்று நகரங்களிலே ஐந்து நரம்பியல் மருத்துவர்கள், மருந்துமேல் மருந்து, பயனற்றுப் போன ஒரு மூளை அறுவை, இரண்டு ஹோமியோபதியர், தொட்டு நோய் தீர்ப்பதாகச் சொன்ன ஒருவர். செல்வமும் செல்வாக்கும் உடையவரே இத்தனை வாயிலிலும் நின்றார் என்றால், இல்லாதவர் நிலை என்ன! கடைசியிலே தந்தையே நூலகத்திலே புத்தகங்களைப் புரட்டி, இந்த உணவு முறையைப் பற்றிப் படித்தார். மகனை பால்டிமோருக்குக் கொண்டு சென்றார். சில நாட்களிலே வலிப்பு நின்றது. மருந்துகளும் பின்னர் நிறுத்தப்பட்டன. ஐந்தாண்டுகள் அவ்வுணவு, பிறகு எல்லாரையும் போல. "எழுபதாண்டுகளாக இருக்கும் இதை எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?" என்ற கோபம் அத்தந்தைக்கு. கோபத்தைச் செயலாக்கினார். 1994-இல் சார்லி அறக்கட்டளையை நிறுவினார். 1997-இல் மெரில் ஸ்ட்ரீப் நடிக்க ஒரு படமும் எடுத்தார். ஏபிரகாம்ஸ் 2024-இல் மறைந்தார்.

ஒரு பிள்ளையின் கதை சான்றாகிவிடுமா? ஆகாது. மக்ஃபாடனிடமும் கதைகள் இருந்தனவே! ஆகவேதான் அதன் பின் நடந்தவை முக்கியமானவை. 1998-இல் ஃபிரீமன் குழுவினர் 150 குழந்தைகளின் கணக்கை வெளியிட்டனர். சராசரியாக ஆறு மருந்துகளுக்கு மேல் உண்டு பார்த்தும், மாதத்துக்குச் சராசரி 410 முறை வலிப்பு வந்துகொண்டிருந்த குழந்தைகள் அவர்கள். ஓராண்டு முடிவிலே 100-க்கு 55 பேர் உணவைத் தொடர்ந்தனர். 27 பேருக்கு வலிப்பு பத்திலே ஒன்பது பங்குக்கு மேல் குறைந்திருந்தது. இடையிலே விட்டவர்களையும் சேர்த்தே இந்த விழுக்காடு. அப்போதும் ஐயுறுவோர் கேட்டனர்: உணவின்றியே குறைந்திருக்காதா? கேட்கத்தக்க கேள்வி. 2008-இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவ மனையைச் சேர்ந்தோர் விடை தந்தனர். 2 முதல் 16 வயது வரையுள்ள 145 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்கு உடனே உணவு முறை, மற்ற அணிக்கு மூன்று மாதம் கழித்து என்று வைத்தனர். மூன்று மாத முடிவிலே வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தோர் முதல் அணியில் 100-க்கு 38, மற்றதில் 6.

1921-லிருந்து 2008 வரை 87 ஆண்டுகள்! ஏன் இத்தனை தாமதம்? வெண்ணெய்க்குக் காப்புரிமை கிடையாது. அதை விற்றுப் பொருளீட்டும் நிறுவனமும் கிடையாது. மாத்திரை எழுதித் தர ஒரு நிமிடம், உணவுக் கணக்கைக் கற்றுத் தரப் பல நாள். இவையே காரணங்கள் என்பது நம் எண்ணம். பழமையை மட்டுமன்று, புதுமையையும் கேள்வி கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு எவரேனும் வீட்டுப் பிள்ளைக்குச் சோற்றை நிறுத்தி நெய்யை ஊற்றப் புறப்படுவாரேல், அது காங்க்ளினிடமே திரும்பிப் போவதாகும். மலச்சிக்கல், சிறுநீரகக் கல், இரத்தக் கொழுப்பு ஏற்றம், வளர்ச்சித் தளர்வு எனத் தொல்லைகள் உண்டு. கொழுப்பை எரிக்கும் ஆற்றலே பிறவியிலே குறைந்த குழந்தைகளுக்கு இது உயிர்க்கேடு. முன்கூட்டிச் சோதனை செய்து, மருத்துவரும் உணவு வல்லுநரும் கூட இருந்து நடத்த வேண்டிய சிகிச்சை இது. தக்க இரண்டு மருந்துகள் முறையாகக் கொடுத்தும் அடங்காத வலிப்பே மருந்துக்கு அடங்காதது எனப்படும். பெரும்பாலும் அத்தகையோருக்குத்தான் இது. குளுக்கோசை மூளைக்குள் கொண்டுசெல்லும் வழியே பழுதான ஓர் அரிய நோயிலோ, முதல் மருந்தே இவ்வுணவு.

நம் நாட்டிலோ, முதல் மருந்துக்கே வழியில்லாத குடும்பங்கள் பல. வலிப்பு வந்த மாணவன் கையிலே இரும்புச் சாவிக் கொத்தைத் திணிக்க ஓடிவருவோரை நாம் பள்ளியிலே கண்டிருக்கிறோம்; படித்தவர்களும் அவர்களுள் உண்டு. துடிப்பு தானாக ஓயும். சாவி பெயரைத் தட்டிக்கொண்டு போகும்! செய்யவேண்டியது இவ்வளவே: ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயிலே எதையும் திணிக்காமல், நேரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவ மனைக்குத் தூக்கிச் செல்வது. சட்டமும் நெடுநாள் சாவிக் கொத்தோடுதான் நின்றது. வலிப்புள்ளவர் மணம் செய்துகொள்வதற்கு இந்து திருமணச் சட்டத்திலே 1976-இல் புகுத்தப்பட்ட தடை, 1999-இல்தான் நீக்கப்பட்டது.

நிறைகோலும் வந்து சேர்ந்திருக்கிறது. 2003-இல் ஜான்ஸ் ஹாப்கின்சார் வெளியிட்ட ஓர் எளிய முறையிலே, பட்டினியுமில்லை, ஒவ்வொரு பொருளையும் நிறுக்கும் கடுமையுமில்லை. மாவுச்சத்தை மட்டும் அளந்து குறைத்தால் போதும். தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் 102 குழந்தைகளிடம் அம்முறையைச் சோதித்து 2013-இல் வெளியிட்டனர். வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தோர், உணவு முறையைக் கைக்கொண்ட அணியில் 100-க்கு 52, மற்றதில் 11.5.

பயன் கண்ட குழந்தைகளுக்கு வழக்கமாக ஈராண்டுக் காலம் இச்சிகிச்சை. பின்னர் கொழுப்பின் பங்கை நான்கிலிருந்து மூன்றாக்குவர், மூன்றை இரண்டாக்குவர், ஒவ்வொரு படியிலும் வலிப்பு திரும்புகிறதா என்று குறித்துவைப்பர். திரும்பாவிட்டால், ஒரு நாள் அந்தத் தட்டிலே ஒரு பிடி சோறு வைக்கப்படும். அதையும் நிறுத்துத்தான் வைப்பாள் தாய்.